உன் அம்மா இன்னும் சொல்லாத வார்த்தை

காலையில் ஆசாரி வந்தார். முன்கதவின் வேப்பம்பலகையில் உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டியதும் அந்தக் கசப்பு வாசனை கூடமெல்லாம் பரவியது. கையில் புதுப் பித்தளைத் தாழ்ப்பாள், சுற்றிய காகிதம்கூடப் பிரிக்காமல். "சார், தாப்பா மேல வக்கிறதா, நடுவுல வக்கிறதா?" என்று கேட்டார். "கொஞ்சம் இருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

பெருநகர் சாலையில் இரண்டு வீடுகளில் பாத்திரங்கள் திருட்டுப் போயிருக்கின்றன. என் மனைவி சொல்வதில் தவறில்லை. இந்தத் தெருவில் உள்தாழ்ப்பாள் இல்லாத கதவு எங்களுடையது ஒன்றுதான். பழையது துருப்பிடித்து விழுந்தபோது நான் மாற்றவில்லை. கேட்டவர்களிடம் சோம்பல் என்று சொல்லிவந்தேன். உண்மையான காரணம், நீ ஓர் அறுப்பின் பண்டிகையில் செய்த பிரசங்கம். அது உன்னுடைய பிரசங்கம்கூட அல்ல. அதற்காகத்தானே உன்னைப் பீடத்தை விட்டு இறக்கினார்கள்.

போன வாரம் நம் கோயிலில் புதிதாக வந்திருக்கும் போதகர் பேசினார். நல்ல பையன். புயலில் சிக்கிய ஒரு கப்பல் தலைவனைப் பற்றிக் கதை சொன்னார். அது எந்த இங்கிலீஷ் பத்திரிகையில் வந்த கதை என்று எனக்குத் தெரியும். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியருக்கும் தெரியும். மிஷன் பள்ளியில் அந்தப் பத்திரிகையை வரவழைத்தவரே அவர்தான். ஆராதனை முடிந்ததும் அவர் அந்தப் பையனின் கையைப் பிடித்துக் குலுக்கி, "அருமையான செய்தி" என்றார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். வயதானால் மனிதர்கள் கனிந்துவிடுவார்கள் என்று நீ சொல்வாய். கனிவது உண்மைதான், ஆனால் ஆளைப் பார்த்துத்தான் கனிகிறார்கள். இந்தப் பையனின் தகப்பனார் தாசில்தார் ஆபீசில் இருக்கிறார். உன் அம்மா நாற்று நட்டவள்.

நாம் இருவரும் வேதசாஸ்திரப் பள்ளியில் ஒரே பெஞ்சு. கேள்வி கேட்கிறவன் மந்தையை மேய்க்க மாட்டான் என்று சொல்லி மூன்றாம் வருஷம் என்னை அனுப்பிவிட்டார்கள். அந்த வாக்கியத்தை எழுதியவரின் கையெழுத்துகூட எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. நான் போர்டு ஹைஸ்கூலில் இங்கிலீஷ் வாத்தியார் ஆனேன். நீ குருப்பட்டம் பெற்று, அங்கி போட்டுக்கொண்டு, நம் பக்கத்துக் கிராமங்களுக்கே போதகராக வந்தாய். சனங்கள் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள். உன் அம்மாவும் வெளியாட்கள் எதிரில் உன்னை "எங்க ஐயரு" என்பாள். யாரும் இல்லாதபோது "டேய்".

அந்தப் பள்ளியில் நமக்குக் கற்றுக்கொடுத்த முதல் வேலையே இரவல் வாங்குவதுதான். மறந்திருக்க மாட்டாய். தெற்கே கடலோரத்தில் வாழ்ந்து மறைந்த ஒரு பெரிய போதகரின் பிரசங்கத் தொகுப்பு ஒன்றை ஆளுக்கொன்றாகக் கொடுத்தார்கள். "கைப்பழக்கம் வரும்வரை இதைப் பார்த்துப் பேசுங்கள்" என்றார்கள். அவர் பிரசங்கத்தில் கடல் இருக்கும், பனை இருக்கும், கட்டுமரம் இருக்கும். நம் சனங்களில் முக்கால்வாசிப் பேர் கடலைப் பார்த்ததில்லை. அதனால் மாற்றிக்கொள்வோம். கடல் வந்தால் உத்திரமேரூர் ஏரி. பனையேறி வந்தால் ஏற்றம் இறைக்கிறவன். கட்டுமரம் வந்தால் மாட்டுவண்டி. கட்டுமரம் கவிழ்கிற இடத்தில் வண்டி குடைசாயும். இந்தச் செங்கல்பட்டு ஜில்லாவில் கிராமக் கோயில்களைக் கவனித்த போதகர்களில் இதைச் செய்யாதவர் ஒருவர் இருந்தால் எனக்குக் காட்டட்டும். நீ அதில் எல்லோரையும்விடக் கெட்டிக்காரன்.

"திருட்டு மாதிரி தோணலியா?" என்று ஒருமுறை உன்னைச் சீண்டினேன்.

"நாத்து புடுங்கி நட்ற மாதிரிதாம்பா இது. நாத்தங்கால் அவுருது. வயலு நம்முது. சேத்துல எறங்கி நிக்கிறது நான்தானே?" என்றாய்.

நீ சேற்றில்தான் நின்றாய். பட்டணத்துப் போதகர்களுக்கு எழுதும் மேசை உண்டு, புத்தக அலமாரி உண்டு, சனிக்கிழமை முழுவதும் தனியறையில் ஜெபம் உண்டு. உனக்கு ஒரு சைக்கிள் இருந்தது. அங்கியைச் சுருட்டிப் பையில் போட்டு ஹாண்டில்பாரில் மாட்டிக்கொண்டு, செய்யாற்று மணலில் அதைத் தள்ளிக்கொண்டு போவாய். ஒரு கிராமத்தில் ஆராதனை முடிந்து வேர்வை காய்வதற்குள் அடுத்த கிராமம். நடுவில் மாடு முட்டியவனைக் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். கூலி நெல்லை அளக்கும்போது மரக்காலைச் சாய்த்துப் பிடித்தவனிடம் போய் நியாயம் கேட்க வேண்டும். புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு ஐயங்கார்குளத்துக்கு, பிறந்த வீட்டுக்குப் போய்விட்டவளைச் சமாதானம் பண்ணி அழைத்துவர வேண்டும். இதற்கெல்லாம் நடுவில் சபையின் வட்டாரத் தலைவரிடமிருந்து சுற்றறிக்கை வரும்: பிரசங்கங்கள் புதிதாகவும் ஆழமாகவும் இருக்கட்டும்.

அதைப் படித்துவிட்டு நீ சிரித்தாய். "எனக்கும் ஆசதாம்பா. ஆனா எனக்கு வாரத்துல சனிக்கெழமன்னு ஒண்ணு வரதே இல்லியே" என்றாய்.

அந்தப் பிரசங்கம் நடந்த வருஷம் இன்னொரு பாரமும் உன் தலையில் ஏறியிருந்தது. பண்ணையார் தன் நிலத்தின் ஓரத்தில் இருந்த குடிசை வரிசையைக் காலி செய்யச் சொல்லியிருந்தார். உன் அம்மாவின் குடிசையும் அந்த வரிசையில்தான். வேறிடத்தில் மனைப்பட்டா வேண்டுமென்று நீ தாலுகா ஆபீசுக்கும் ஜில்லா ஆபீசுக்கும் அலைந்துகொண்டிருந்தாய். அதிகாரி நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். வருகிற நாளில் நீ ஊரில் இருக்க வேண்டும். நீ இல்லையென்றால் பண்ணையார் வீட்டில் நாஷ்டா சாப்பிட்டுவிட்டு அவர் அப்படியே திரும்பிப் போய்விடுவார். இது உனக்கும் தெரியும், பண்ணையாருக்கும் தெரியும்.

அறுப்பின் பண்டிகைக்கு முந்திய நாள் முழுவதும் நீ போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்றாய். குடிசைக்காரர்களில் இரண்டு பேர் பண்ணைக் களத்தில் நெல் திருடினார்கள் என்று புகார். அவர்களை மீட்டுக்கொண்டு வந்து, வீட்டில் விட்டு, காலையில் எழுந்ததும் அந்தத் தொகுப்பைத் திறந்து கையில் கிடைத்த பிரசங்கத்தை எடுத்துக்கொண்டாய். நான் அன்று மூன்றாவது வரிசையில் இருந்தேன். பீடத்தைச் சுற்றிப் பூசணியும் வாழைத்தாரும் கரும்பும் புதுநெல்லும் குவிந்திருந்தன. கால் கட்டிய கோழிகள் ஒரு பக்கம் கத்திக்கொண்டிருந்தன. நீ ஆரம்பித்த இரண்டாவது வாக்கியத்திலேயே எனக்குப் பக்கம் தெரிந்துவிட்டது. கடல் ஏரியானது. கட்டுமரம் வண்டியானது. சனங்கள் வாய் பிளந்து கேட்டார்கள். முடிவில் அந்தத் தென்னாட்டுப் பெரியவர் தன் தாயின் மரணத்தைச் சொல்கிற இடம் வந்தது.

"என் தாய் மரிக்கும் தருவாயில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். 'மகனே, கதவைத் தாழிடாதே. பசித்தவன் தட்டத் தயங்குவான்' என்றாள். அதுவே அவளுடைய கடைசி வார்த்தை" என்றாய்.

கடலை மாற்றினாய், பனையை மாற்றினாய், தாயை மாற்ற மறந்துபோனாய்.

பெண்கள் பக்கத்தில் இரண்டு பேர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு முன்னால், பாயின் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த உன் அம்மா எழுந்து நின்றாள்.

"டேய், நான் எப்போடா செத்தேன்?"

கோழிகூட ஒரு நிமிஷம் கத்துவதை நிறுத்தியது என்று பிற்பாடு சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். பின்னாலிருந்து ஒருத்தி, "உக்காரு பெரீம்மா. ஐயரு முடிச்சிடட்டும், அப்பறமா செத்துக்கலாம்" என்றாள். கோயில் முழுக்கச் சிரிப்பு. நீ கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டாய். அன்று நீ செய்ததை நான் பார்த்தேன். அதனால்தான் இத்தனை வருஷம் கழித்தும் என் கோபம் ஆறவில்லை. நீ மறைக்கவில்லை.

"அம்மா, நீ சாவல. ஒக்காரு" என்றாய். பிறகு சனங்களைப் பார்த்து, "இது நான் எழுதுனது இல்ல. புஸ்தகத்துல இருந்தது. செத்தது அந்தப் போதகரு அம்மா. நேத்து பூரா எங்க இருந்தேன்னு ஒங்களுக்கே தெரியும். ஆனா வார்த்த நல்ல வார்த்த, அத எடுத்துக்குங்க" என்றாய்.

எடுத்துக்கொண்டார்கள். அன்று பூசணிக்காய் ஏலத்தில் உன் அம்மாவையே கூப்பிட்டு, "செத்துப் பொழச்சவங்க கையால குடுங்க" என்று வாங்கிக்கொண்டு போனார்கள். சிரிக்காதவர் ஒருவர்தான். முன்வரிசையில், இரண்டு முழங்கால்களுக்கு நடுவில் குடையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பிரசங்கபீடத்தில் பொய் சொல்லப்படக் கூடாது என்று தலைமையாசிரியர் புகார் எழுதினார். அது சரியான வாக்கியம்தான். ஆனால் அந்தப் பீடத்தில் அவர் அதற்கு முன் கேட்ட இரவல் பிரசங்கங்கள் எல்லாம் அவருக்கு இனித்தன. அவரிடம் படித்த பெரிய வீட்டுப் பிள்ளைகள் கீழே பாயில் இருக்க, நாற்று நடுகிறவளின் மகன் மேலே நின்று பேசியதுதான் கசந்தது. இதை நான் அப்போதே சொன்னேன். இப்போதும் சொல்கிறேன். யார் வேண்டுமானாலும் படிக்கட்டும்.

விசாரணை மிஷன் பள்ளியில் நடந்தது. வட்டாரத் தலைவர் காரில் வந்தார், கூட இரண்டு பேர். மேசைமேல் அந்தத் தொகுப்பு விரித்துவைக்கப்பட்டிருந்தது. நான் உனக்காகப் பேசப் போனேன்.

"திருப்புட்குழியில் அர்ச்சகரிடம் போய், இந்த மந்திரம் நீர் எழுதியதா என்று யாரும் கேட்பதில்லை. ஏன் ஐயா, போன உயிர்த்தெழுந்த திருநாளில் நீங்கள் காஞ்சிபுரத்தில் பேசினீர்களே, அது இதே புத்தகத்தில் எந்தப் பக்கம் என்று எடுத்துக் காட்டட்டுமா?" என்றேன்.

தலைவர் முகம் மாறியது. "உம்மை யார் இங்கே அழைத்தது?" என்றார்.

"இவர் வேதசாஸ்திரப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டவர்" என்றார் தலைமையாசிரியர். என்னை வெளியே போகச் சொன்னார்கள். போனேன். அந்த ஜன்னலுக்குக் கதவு இல்லை. வெளியே நின்று கடைசிவரை கேட்டேன்.

உன் அம்மாவைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். அவள் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"அம்மா, நீங்கள் இறந்துவிட்டதாக உங்கள் மகன் சொன்னதைக் கேட்டீர்களா?" என்றார் தலைவர்.

"கேட்டுக்கினுதான இருந்தேன். முன்னாலதான குந்திக்கினு இருந்தேன்."

"கதவைத் தாழிடாதே என்று நீங்கள் அவரிடம் எப்போதாவது சொன்னதுண்டா?"

"எங்க வூட்ல கதவு எங்க கீது? ஓலப் படலுதான் கீது. அதுக்கு இன்னா தாப்பா போடறது?"

"அப்படியானால் அது பொய்தானே?"

"இன்னும் சொல்லல, அவ்ளோதான். சாவறப்போ சொல்லிக்கிறேன். எம்புள்ள நாலு நாளு முன்னாடி சொல்லிட்டான். அதுக்கு இன்னா இப்போ?"

கூட வந்திருந்தவர்களில் ஒருவர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். தலைவர் எழுதுவதை நிறுத்தவில்லை.

தீர்ப்பு வந்தது. நீ சபைக்கு முன்னால் பாவ அறிக்கை வாசிக்க வேண்டும். வாசித்துவிட்டால் மன்னித்து, வேறு வட்டாரத்துக்கு மாற்றுவார்கள். அறிக்கையைத் தலைவரே எழுதி, ஆள் மூலம் அனுப்பியிருந்தார். உன் வீட்டு வாசலில் நின்று இரண்டு பேரும் அதைப் படித்தோம். "அன்னியருடைய வார்த்தைகளை என்னுடையவை போல் உச்சரித்த பாவியாகிய நான்" என்று ஆரம்பித்தது.

பிறர் எழுதியதை வாசித்ததற்குத் தண்டனை, பிறர் எழுதியதை வாசிப்பது. இதை நான் சொன்னபோது நீ சிரிப்பாய் என்று நினைத்தேன். நீ சிரிக்கவில்லை. "மாத்திட்டா பட்டா போயிடும்" என்று மட்டும் சொன்னாய். அன்றுதான் உன் முகத்தில் முதல்முறையாகப் பயத்தைப் பார்த்தேன்.

ஞாயிறு வந்தது. வட்டாரத் தலைவரே உட்கார்ந்திருந்தார். நீ பீடத்தில் ஏறவில்லை. கீழே, சனங்களின் மட்டத்தில் நின்றாய். அறிக்கையை ஒரு சொல் விடாமல், நிதானமாக, நல்ல உச்சரிப்போடு வாசித்தாய். ஆமென் சொல்லிக் காகிதத்தை மடித்தாய். எல்லாம் முடிந்தது என்று தலைவர் எழுந்திருக்கப் போனார்.

"ஒரு நிமிஷம்" என்றாய். "இது என் வார்த்த இல்ல. தலைவர் ஐயா எழுதிக் குடுத்தது. யாரு எழுதுனதுன்னு சொல்லாம வுட்டா அதுவும் திருட்டுதான? நாளைக்கு என்மேல இன்னொரு புகார் வரக் கூடாது."

அப்போது யாரும் சிரிக்கவில்லை. பின்னால் ஒருவன் மெதுவாகக் கையைத் தட்டினான். கோயிலில் கை தட்டக் கூடாது என்று ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டான். அந்தப் பாதிக் கைதட்டல் போதும் எனக்கு. இந்த ஜில்லாவில் நான் கேட்ட பிரசங்கங்களில் முழுக்க முழுக்கச் சொந்தமான பிரசங்கம் அது ஒன்றுதான்.

உன் அங்கியை வாங்கிக்கொண்டார்கள். போதகர் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். வேறு ஊருக்கு மாற்ற வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று, ஏனென்றால் மாற்றுவதற்கு நீ அவர்களுடைய ஆளே இல்லை. டிரங்குப் பெட்டியைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு அம்மாவின் குடிசைக்குப் போனாய். உன்னை ஊரைவிட்டு அனுப்ப அவர்கள் போட்ட கணக்கில் விழுந்த ஓட்டை இதுதான். அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கியபோது நீ அங்கேதான் இருந்தாய், லுங்கியோடு, படலுக்கு வெளியே.

"நீங்கள்தானே சர்ச் பாதிரி? மனுக் கொடுத்தவர்?" என்றார் அவர்.

"பாதிரி இல்லைங்க சார். இப்ப நானும் இந்தக் குடிசைக்காரன்தான்" என்றாய்.

அவர் உன்னோடு குடிசை வரிசை முழுவதும் நடந்தார். பண்ணையார் வீட்டு இட்லி ஆறிப்போயிற்று. பட்டா வந்தது.

நீ அதற்குப் பிறகு பீடம் ஏறவில்லை. யாராவது சாகக் கிடந்தால், அங்கி போட்டவரைக் கூப்பிடுவதற்கு முன்னால் உன்னைத்தான் கூப்பிட்டார்கள். மார்ச்சளியில் நீ போனபோது கோயில் கல்லறைத் தோட்டத்தில் இடம் கொடுப்பதா என்று ஒரு கூட்டம் போட்டுப் பேசினார்கள். அதைப் பேசியவர்களின் பெயர்களெல்லாம் எனக்கு மனப்பாடம். மறக்கச் சொல்லி உன் குரல் காதில் கேட்கிறது. மறக்கப் போவதில்லை.

உனக்குத் தெரியாத ஒரு செய்திக்காகத்தான் இந்த மடல். போன மாதம் உன் அம்மா போய்விட்டாள். பட்டா கிடைத்த மனையில் ஓடு போட்ட வீட்டில், ஒரு மத்தியானம். அந்த வீட்டுக்கு மரக்கதவு இருக்கிறது. எனக்குச் சொல்லி அனுப்பினாள். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"வாத்தியாரே, அந்தத் தாப்பா வார்த்த இன்னா? மறந்து போச்சு" என்றாள்.

"எந்த வார்த்தம்மா?"

"நான் சாவறப்போ சொல்றேன்னு கார்ல வந்த பெரியவரு கிட்ட சொல்லிட்டு வந்தேனே, அது. நீயே எடுத்துக் குடு."

குனிந்து அவள் காதில் சொன்னேன். அந்தத் தென்னாட்டுத் தமிழ் அவளுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. சற்று நேரம் வாயில் வைத்து மென்றாள். பிறகு, என்னைப் பார்த்தல்ல, உன் சைக்கிள் சாய்ந்திருக்கும் சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"டேய், கதவுக்குத் தாப்பா போடாதடா. பசிச்சவன் தட்றதுக்குக் கூச்சப்படுவான்."

கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "சொல்லிட்டேன். பெரிய வாத்தியாருக்குச் சொல்லிடு." அதற்குப் பிறகு தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

அடக்கத்துக்குத் தலைமையாசிரியரும் வந்திருந்தார். ஏன் வந்தார் என்று நான் யோசிக்கவில்லை. யோசித்தால் கோபம் குறைந்துவிடும். கல்லறைத் தோட்டத்து வாசலில் அவரை நிறுத்தினேன். "சார், அந்தப் பிரசங்கத்தில் பொய் என்று நீங்கள் கோடு போட்ட வரியும் மெய்யாகிவிட்டது. நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். இனி உங்கள் புகாரில் ஒன்றுமில்லை" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், பிறகு குடையை விரித்துக்கொண்டார். அன்று வெயிலும் இல்லை, மழையும் இல்லை.

ஆசாரி இதோ மறுபடி குரல் கொடுக்கிறார். "சார், இன்னா சொல்றீங்க? எனக்கு இன்னொரு வேல கீது." என் மனைவியும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தாழ்ப்பாளைப் பின்கதவுக்குப் போடச் சொல்லிவிட்டேன். பாத்திரங்கள் அங்கேதான் இருக்கின்றன. முன்கதவில் உளி பட்ட இடத்தில் மெழுகு அடைத்துக் கொடுப்பதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன்.

என்றைக்காவது அந்தக் குடைக்காரர் என் வாசலுக்கு வரக்கூடும். வயதாகிவிட்டது, தனியாக இருக்கிறார் என்கிறார்கள். வந்தால் தட்ட வேண்டியதில்லை. நாற்காலி போடுவேன், காப்பி கொடுப்பேன், பசித்திருந்தால் சோறும் போடுவேன். மன்னிக்க மாட்டேன். உன் அம்மா கதவைப் பற்றி மட்டும்தான் சொன்னாள்.